மகாராணி விழுங்கிய பதினோரு குண்டு

திங்கட்கிழமை காலையில் மகாராணி தலையைத் தூக்கவில்லை.

மகாராணி என்பது ஒரு கோழி. அந்தக் கொல்லைப்புறத்தில் மொத்தம் ஒன்பது கோழிகள். மற்ற எட்டும் அவள் தின்ற பிறகுதான் தின்னும். அவள் புரண்டு எழுந்த பிறகுதான் மணலில் புரளும். அப்படிப்பட்டவள் அன்றைக்குக் கூண்டை விட்டு வெளியே வந்து நாலடி நடந்தாள். நடந்தாள் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வலது கால் ஒரு பக்கம் போனது; இடது கால் வேறு யோசனையில் இருந்தது. இறக்கை இரண்டும் அளவெடுக்காமல் தைத்த சட்டைக்கை மாதிரித் தொங்கின. கழுத்து முன்னால் சரிந்து, அலகு தரையைத் தொட்டது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் போல அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். யார் கண்ணில் என்ன கோளாறு என்று ஆள் படியேறும்போதே சொல்லிவிடுவார். அதனால் எந்த உடம்பில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யாரும் கேட்பதில்லை என்பது ஊருடைய கொள்கை.

"இது மூளைக்காய்ச்சல்" என்றார், வாயில் நுரையோடு.

"வாயைக் கொப்புளிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். தெருவில் கோர்ட்டம்மா என்றால்தான் தெரியும். இருபது வருடமாகப் பொய்ச்சாட்சிகளை ஓர் எழுத்து விடாமல் தட்டித் தட்டி, ஒரு பொய் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவள். கோழிகள் அவளுடையவை. கண்ணாடிக்காரரும் அவளுடையவர்தான் என்றாலும், வீட்டில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வியை அவர் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

அவர் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து மகாராணியின் முன் உட்கார்ந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"எதுக்கு விரலை ஆட்டுறீங்க? எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லப் போறீங்களா?"

"நரம்புப் பரிசோதனைம்மா. நரம்பு வழியா மூளைக்கு ஏறியிருக்கு. இது எங்கேருந்து வந்ததுன்னும் எனக்குத் தெரியும்."

"எங்கேருந்து?"

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பன்னிரண்டு புறாக்கள் வளர்த்தார். அவை தினமும் காலையில் வட்டமடித்துப் பறந்து, சொல்லிவைத்தாற்போலக் கண்ணாடிக்காரரின் ஸ்கூட்டர் இருக்கை மேலேயே காரியத்தை முடித்துவிட்டுப் போகும். நாலு வருடப் பகை அது. இன்றைக்குத்தான் விஞ்ஞானம் அவர் பக்கம் வந்திருந்தது.

"புறாவுக்குக் கழுத்துத் திருகுற வியாதி ஒண்ணு இருக்கு. வைரஸ். அதுலேருந்து கோழிக்குத் தாவும். தெரியுமா?"

"வெள்ளைக்கழிச்சல்தானே? அதுக்கு ஒன்பதுக்கும் தடுப்பூசி போட்டிருக்கேன். அதுவும் இல்லாம, இவ கழுத்து எங்க திருகியிருக்கு? துவண்டுல்ல கிடக்கு?"

"இது ஆரம்பம். திருகுறதுக்கு முன்னாடி துவளும்."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பேச்சை நிறுத்தினாள். துணிக்கூடையைக் காலி செய்து, வைக்கோல் பரப்பி, மகாராணியைத் தூக்கிக் குளியலறைக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள். தனித் தண்ணீர், தனித் தீனி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மகாராணியின் எச்சம் பச்சையாக இருந்ததை ஒரு காகிதத்தில் எடுத்து மடித்தாள். இதெல்லாம் கண்ணாடிக்காரர் கண்ணில் படவில்லை. அவர் அதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்.

தபால்காரர் மெலிந்த மனிதர். முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். எந்தச் செய்திக்கும் முகம் மாறாது.

"உங்க புறாவால எங்க மகாராணி சாகக் கிடக்குறா."

"அடடா. உள்ள வாங்க சார்."

"உள்ள வர்றதுக்கு நான் வரல. அந்தப் பன்னிரண்டையும் இன்னைக்கே கூண்டுல அடைக்கணும். இல்லேன்னா கால்நடை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துருவேன். அவங்க வந்தா உங்க புறாவை விசாரிக்க மாட்டாங்க. நேரா முடிச்சுருவாங்க."

தபால்காரர் கூண்டைப் பார்த்தார். "உங்க கோழிக்கு நல்லாகும்னா அடைச்சு வைக்கிறேன் சார். நாளைக்குப் பறக்கட்டும், இன்னொரு நாள் பறக்கட்டும். உயிர் பெருசு" என்றார்.

சண்டை போடப் போன இடத்தில் சண்டை கிடைக்கவில்லை என்றால் மனிதனுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். கண்ணாடிக்காரர் இரண்டு வரி சத்தம் போட்டுவிட்டு, மூன்றாவது வரி வராமல் திரும்பினார். ஆனாலும் அன்றைக்குக் கடைக்கு ஸ்கூட்டரில் போகும்போது இருக்கை சுத்தமாக இருந்தது. நாலு வருடத்தில் முதல்முறை. வெற்றி என்பது உட்காருவதற்கு இவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் குள்ளச்சியும் விழுந்துவிட்டாள். குட்டைக் கால் கோழி; மகாராணிக்கு அடுத்த இடம் அவளுக்கு. அதே நடை, அதே தொங்கல்.

"இன்னொரு கூடை வேணும். கோழிக்கூண்டு உத்தரத்துல தொங்குது பாருங்க, எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் முக்காலியில் ஏறினார். கூடையை எடுத்தார். கூடைக்குப் பின்னால் கண் போனது. முக்காலி ஆடியது. முக்காலி மேல் தவறு இல்லை. நின்றவர் கால்தான் ஆடியது.

அந்த உத்தரத்தின் மூலையில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மீன் பிடிக்கும் பைத்தியம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பெரிய மீன் ஒன்று அவரைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு இரண்டு வாரம் காய்ச்சல், கைப்பேசி தண்ணீரோடு போயிற்று, மைத்துனரின் மோட்டார் சைக்கிள் சாவி இன்னும் ஏரியில்தான் இருக்கிறது. மனைவி அழுதாள். இனிமேல் தூண்டிலைத் தொடுவதில்லை என்று அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த மாதமே ஞாயிறுதோறும் யோகா வகுப்பில் சேர்ந்தார். காலை ஐந்துக்குப் போனால் பன்னிரண்டுக்கு வருவார். அவ்வளவு நீளமான யோகா. வகுப்பு ஏரிக்கரையில் நடந்தது. மாணவர் அவர் ஒருவர்தான். தூண்டில்கோல் ஏரிக்கரைப் படகுக்காரரிடம் இருந்தது; முள்ளும் நூலும் ஈயக் குண்டும் பால்பவுடர் டப்பாவில் இருந்தன.

இப்போது டப்பா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மூடியை எலி கழற்றியிருந்தது. முள் இருந்தது, நூல் இருந்தது. போன வாரம் வாங்கி, இந்த ஞாயிறு ஏரிக்குப் போகாததால் ஒன்றையும் எடுக்காமல் வைத்திருந்த மிளகளவு ஈயக் குண்டுப் பொட்டலம் கிழிந்து வெறும் காகிதமாக இருந்தது. அவர் மெதுவாகக் கீழே பார்த்தார். நேர் கீழே மணல்குழி. கோழிகள் புரளுகிற இடம். சாப்பிட்டதை அரைக்கக் குட்டிக் குட்டிக் கல்லாகப் பொறுக்கி விழுங்குகிற இடம். அங்கே யாருக்கு முதலிடம் என்றும் அவருக்குத் தெரியும்.

"கூடை கிடைச்சுதா?"

"கிடைச்சுது! கிடைச்சுது!" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை போதும் என்று பிறகுதான் தோன்றியது.

மனைவி குள்ளச்சியோடு உள்ளே போனதும் சமையலறையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்து வந்து மணலைச் சலிக்க ஆரம்பித்தார். மூன்று குண்டு கிடைத்தது. நாலாவதுக்குக் குனிந்தபோது எதிரே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"என்ன தேடுறீங்க?"

"மன அமைதி."

"டீ வடிகட்டியிலயா?"

"யோகா வாத்தியார் சொன்னார். மணலைச் சலிச்சா மனசு சலனப்படாதாம்."

"நல்ல வாத்தியார். அந்த வடிகட்டியை இனி உள்ள கொண்டுவராதீங்க. பத்து மணிக்கு கால்நடை ஆஸ்பத்திரி. நான் லீவு போட்டுட்டேன்."

"நீ எதுக்கும்மா லீவு போடுற? நான் தனியா போயிட்டு வந்துடுறேன்."

"உங்களைத் தனியா விட்டா டாக்டருக்கே கண்ணாடி போட்டுட்டு வந்துருவீங்க."

ஆஸ்பத்திரியில் கூட்டம். காலில் கட்டுப்போட்ட நாய், தும்முகிற ஆடு, எதற்கு வந்தது என்று அதற்கே தெரியாத பூனை. கண்ணாடிக்காரர் மடியில் மகாராணி, மனைவி மடியில் குள்ளச்சி. டாக்டரம்மா குள்ளமான, சுறுசுறுப்பான பெண். மகாராணியின் கழுத்தைத் தூக்கி விட்டாள். அது ஈரத்துணி மாதிரி விழுந்தது. காலைக் கிள்ளிப் பார்த்தாள். மனைவி நீட்டிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"கழுத்து திருகல, தொங்குது. இருமல், சளி ஒண்ணும் இல்ல. மத்த ஏழும் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. வைரஸ் மாதிரித் தெரியல. ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"எக்ஸ்ரே வேண்டாம் டாக்டரம்மா!" கண்ணாடிக்காரர் எழுந்தே விட்டார்.

"ஏன்?"

"பாவம்... கர்ப்பமா இருந்தா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். தும்மிக்கொண்டிருந்த ஆடுகூடத் தும்மலை நிறுத்தியது.

"கோழி முட்டை போடும் சார். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாது."

எக்ஸ்ரே வந்தது. வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள். மகாராணியின் உள்ளே, இரைப்பை இருக்கிற இடத்தில், அழகாக, உருண்டையாக, வெள்ளை வெளேரென்று பதினோரு பொட்டு. குள்ளச்சிக்கு நாலு.

"குண்டு" என்றாள் டாக்டரம்மா.

"குண்டா?" என்று மனைவி பதறினாள். பதறல் கொஞ்சம் அதிகமாக இருந்தது என்று கண்ணாடிக்காரர் கவனித்திருக்கலாம். அவருக்கு அப்போது சொந்தப் பதறலே போதுமானதாக இருந்தது.

"ஈயக் குண்டு. ஈயம் ரத்தத்துல கலந்து நரம்பைத் தாக்கியிருக்கு. அதான் இப்படித் தள்ளாடுது. பயப்படாதீங்க, சீக்கிரம் வந்துட்டீங்க. ஈயத்தைப் பிடிச்சு வெளியேத்துற ஊசி இருக்கு. அஞ்சு நாள் ரெண்டு வேளையும் போடணும், அப்புறம் கொஞ்சம் விட்டுத் திரும்பப் போடணும். வயித்துல இருக்கறதை நான் கழுவி எடுத்துடறேன். நான் சொல்ற வரைக்கும் ஒன்பது கோழி முட்டையையும் சாப்பிடக் கூடாது. முக்கியமா, மிச்சக் குண்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். வீட்டுல பழைய பாட்டரி, துப்பாக்கி ரவை, தூண்டில் ஈயம்..."

"எங்க வீட்டுல தூண்டில் கிடையாது டாக்டர். இவர் என் தலைமேல சத்தியம் பண்ணியிருக்கார்" என்றாள் மனைவி. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "தலை நல்லாத்தான் இருக்கு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல இடம், நல்ல வெளிச்சம். ஆனால் பொய்யில் இரண்டு வருடம் குடியிருந்தவன் ஒரே நாளில் காலி செய்ய மாட்டான்.

"தபால் மூட்டை!" என்றார் கண்ணாடிக்காரர். "அந்தக் காலத்துல தபால் மூட்டைக்கு ஈய முத்திரை வெப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் தபால்காரர். வீட்டுல பழைய முத்திரை கிடக்கும். புறா கொத்திட்டு வந்து நம்ம கொல்லைல போட்டிருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் புறா வேலைன்னு!"

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பாராட்டாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"சும்மா விடக் கூடாதுங்க. வீட்டுக்குப் போனதும் புகார் எழுதிடுவோம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி வைத்தாள். காகிதத்தைச் செருகினாள். கண்ணாடிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையில் உலவினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவி அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுகத்தில் அவர் மிதந்தார்.

"மேற்படி நபருடைய புறாக்கள்..."

"புறாக்கள். சரி. எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரம்னு எப்படித் தெரியும்?"

"அதாவது... தோராயமா. போன வாரத்து ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்." டக டக டக. "எங்க விழுந்துது?"

"மணல்குழில."

"மணல்குழியில. மேலேருந்தா?"

"மேலேருந்துதான். உத்தரத்துலேருந்து."

"உத்தரத்துலேருந்து." டக டக. "புறா உத்தரத்துல உக்காந்துது. சரி. என்ன அளவு?"

"மிளகு அளவு. ரெண்டாம் நம்பர்."

"ரெண்டாம் நம்பர்." அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நீதிமன்றத்தில் யாருக்குத் தூக்கு, யாருக்கு விடுதலை என்று அடிக்கும்போதும் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். "இப்ப கோழிங்க வயித்துல இருக்கறது போக, மிச்சம் எத்தனை வெளியே கிடக்குன்னு எழுதணுமே. அதிகாரிங்க கேப்பாங்க."

"அதுல என்ன கஷ்டம்? பதினொண்ணும் நாலும் பதினஞ்சு. அறுபதுல பதினஞ்சு போனா நாப்பத்தஞ்சு."

டக டக நின்றது.

 

"அறுபதா?" என்றாள் அவள் மென்மையாக.

கண்ணாடிக்காரர் உலவுவதை நிறுத்தினார்.

"ஏங்க, புறா எண்ணிக்கிட்டா கொண்டுவந்துது?"

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடினார். கிடைத்ததும் உட்கார்ந்தார். பிறகு எல்லாம் வந்தது: டப்பா, எலி, படகுக்காரர், ஏரிக்கரை, யோகா. ஒரு தடவைகூட வகுப்புக்குப் போனதில்லை என்பதும், வீட்டில் செய்து காட்டிய அந்த ஒற்றைக்கால் ஆசனம் தூண்டிலோடு சேற்றில் நின்ற பழக்கம் என்பதும் வந்தன. "என்னால ரெண்டு உயிர் போயிருக்கும். நான் பாவி" என்று சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. மகாராணி கூடைக்குள்ளிருந்து தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

மனைவி எல்லாவற்றையும் அடித்து முடித்துக் காகிதத்தை உருவினாள். "கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இருபத்தோரு வருட இல்லற வாழ்க்கையில் அது அவருடைய முதல் வாக்குமூலம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை உள்ளே போனார். "தப்பு என்மேலதாங்க. புறாவைத் திறந்து விடுங்க" என்றார்.

"நேத்து சாயங்காலமே திறந்துட்டேனே சார்" என்றார் தபால்காரர். "அப்பவே உங்க வீட்டம்மா சுவருக்கு மேல சொன்னாங்க, புறா இல்ல, ஈயம்னு. நீங்களா வந்து சொல்ற வரைக்கும் நான் ஒண்ணும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம்னாங்க. டீ சாப்பிடுறீங்களா?"

கண்ணாடிக்காரர் டீ சாப்பிட்டார். என்ன ருசி என்று தெரியவில்லை.

அடுத்த நாலு நாளும் காலையில் கடை திறக்கும் முன்பும், சாயங்காலம் கடை அடைத்த பிறகும் அவர் மணலைச் சலித்தார். மாவுச் சல்லடை, மேலே உருப்பெருக்கிக் கண்ணாடி. தொழில் ஞானம் முதல்தடவையாக வீட்டுக்கு உதவியது. முதலில் கிடைத்த மூன்றோடு சேர்த்து நாற்பத்து நாலு குண்டு வந்தது. ஒன்று மட்டும் குறைந்தது. குழியை இன்னும் ஒரு முழம் தோண்டினார். முதுகு பிடித்துக்கொண்டது. மகாராணி திங்கட்கிழமை நடந்த நடைக்கு வந்துவிட்டார். மகாராணியோ ஊசியும் மருந்துமாகத் தேறி, தலையை நிமிர்த்தி, கூடையை விட்டிறங்கி, அவர் சலிப்பதைப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"நாப்பத்தஞ்சாவது எங்கதான் போச்சு?" என்று சனிக்கிழமை சாயங்காலம் முனகினார்.

மனைவி உள்ளே போய்த் தையல்பெட்டியைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே ஒரு மிளகளவு ஈயக் குண்டு.

"திங்கட்கிழமை சாயங்காலமே இது எனக்கு மணல்குழியில கிடைச்சுதுங்க. உடனே மத்த கோழிங்களை அந்தப் பக்கம் விடாம டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். செவ்வாய் பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க, எக்ஸ்ரே ஏற்பாடு பண்ணி வெக்கிறேன்னாங்க."

"அப்ப அதுக்கு முன்னாடியே... தூண்டில்..."

"யோகா முடிச்சுட்டு வர்ற மனுஷன் பாக்கெட்டுல மண்புழு எதுக்குங்க இருக்கும்? ஞாயித்துக்கிழமை ஆனா ஒன்பது கோழியும் உங்க பின்னாடியே ஓடிவரும், பாசம்னு நினைச்சீங்களா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். குண்டு தெரிந்துபோனதைவிட அது பாசம் இல்லை என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஆனாலும் மனிதர் நல்லவர். சல்லடையைக் கீழே வைத்தார். நிமிர முடிந்த அளவு நிமிர்ந்தார்.

"போதும்மா. உன்னை ஏமாத்தினது போதும். ஏரியும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். இது நிஜமான சத்தியம். இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுலதான் இருப்பேன். உன் பக்கத்துலயேதான் இருப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன்."

ஒரு வாரமாக எதற்கும் மாறாத கோர்ட்டம்மாவின் முகம் அப்போதுதான் வெளுத்தது. அவசரமாக உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு புதுப் பெட்டி. பூட்டும் சாவியும் தொங்கின. திறந்து காட்டினாள். உள்ளே புது நூல், புது முள், ஈயம் கலக்காத இரும்புக் குண்டு ஒரு பொட்டலம்.

"வாரத்துல எனக்குன்னு இருக்கறதே அந்த ஏழு மணி நேரந்தாங்க" என்றாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "தயவுசெஞ்சு என்னைத் தொடர்ந்து ஏமாத்துங்க."